பின்சீட்டில் நான் உட்கார்ந்தால்

என் மாமியார் பழனியாத்தாளுக்கு ஸ்கூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எது பிரேக், எது கிளட்ச் என்று கேட்டால் விழிப்பார். ஆனால் எங்கள் வீட்டு ஸ்கூட்டர் ஏன் நடுவழியில் நிற்கிறது என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நான் உட்கார்ந்தால் நிற்கிறது.

அதில் பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை. என் கணவர் சென்னிமலை அந்த வண்டியில்தான் தினமும் வடவள்ளியிலிருந்து கணபதிக்குப் போய், பம்பு செட் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புவார். வழியில் ஒரு நாளும் நின்றதில்லை. நாத்தனார் சண்முகப்ரியாவை ஏற்றிக்கொண்டு போய் காலேஜில் விடுவார், நிற்காது. நான் ஏறி இரண்டு வீதி தாண்டுவதற்குள் இன்ஜின் பொசுக்கென்று அணைந்துவிடும். இறங்குவேன். அவர் ஒரே உதையில் ஸ்டார்ட் செய்வார். ஏறுவேன். அடுத்த பள்ளத்தில் இறங்கும்போது மறுபடியும் அணையும். மருதமலைக்குப் போன வெள்ளிக்கிழமை பாதி தூரம் நான் நடந்துதான் போனேன். அவர் முன்னால் வண்டியை ஓட்டிப்போய், மரத்தடியில் நிறுத்தி எனக்காகக் காத்திருந்தார். வீதியில் போன சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

முதலில் நான் அவர் கையைத்தான் சந்தேகப்பட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தேன். என்னை ஏற்றிக்கொண்டு போக வெட்கப்பட்டு, தானே சாவியைத் திருப்பி அணைக்கிறார் என்று நினைத்தேன். அதனால் பின்னால் உட்கார்ந்தபடி, அவர் தோளுக்கு மேல் எட்டி அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு போனேன். கை அந்தப் பக்கமே போகவில்லை. வண்டி நின்றது. அப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. முழங்காலால் எதையாவது தட்டிவிடுகிறாரோ என்று அன்றிலிருந்து முழங்காலையும் கவனிக்க ஆரம்பித்தேன்.

மெக்கானிக் அப்துல் நாசர் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. தடாகம் ரோட்டில் அவருடைய கடை. பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், காயிலைச் சோதித்தார். பிறகு ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வண்டி ஜம்மென்று போகிறது என்று சொல்லிக் கொடுத்துவிடுவார். அவர் தனியாக ஓட்டிப் பார்த்தால் ஜம்மென்றுதானே போகும்? அவரும் என் கணவரும் டீ குடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தால், இரண்டு பேரும் சேர்ந்துதான் ஏதோ செய்கிறார்கள் என்று தோன்றும்.

இதெல்லாம் வீட்டுக்குள் கிண்டலாகவே போயிருக்கும். ஆனால் அப்போதுதான் சண்முகப்ரியாவுக்கு ஒரு வரன் வந்தது. ஆர்.எஸ்.புரத்தில் சொந்தக்காரர் வீட்டில் வைத்துப் பேசுவதாக ஏற்பாடு. மாமனாரும் மாமியாரும் காரில் முன்னால் போய்விட்டார்கள். பூவும் பழமும் வைத்த தட்டோடு நானும் கணவரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். வண்டி நின்று நின்று, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் கடைசிவரை சொல்லி அனுப்பவில்லை.

மாமியார் ஜோசியரிடம் போனார். என்னை ஆடி முடியும்வரை காங்கேயத்தில் அம்மா வீட்டில் விட்டுவிட வேண்டும் என்ற முடிவோடு வந்தார். எனக்குத் தலை ஆடி போன வருஷமே முடிந்துவிட்டது. ஆடிக்கு இரண்டாவது தடவை பெண் அம்மா வீட்டுக்கு வந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் சீர் செய்யக் கூப்பிட்டதாக நினைக்க மாட்டார்கள். தள்ளிவிட்டார்கள் என்றுதான் பேசுவார்கள். ஆடி முடிந்ததும் ஆவணி, ஆவணி முடிந்ததும் இன்னொரு காரணம் என்று அது நீண்டுகொண்டே போகும் என்று எனக்குத் தெரியும். மாமியார் இதைச் சொன்னபோது என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்தபடியே, "செரிங்கம்மா" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. மறுநாள் காலையில் காங்கேயத்துக்கு பஸ் ஏற வேண்டும். அன்று மதியமே நான் அவரிடம், நாசர் கடைக்கு நானும் வருகிறேன், நான் உட்கார்ந்திருக்கும்போதே அவர் பார்க்கட்டும் என்றேன். மறுத்தால் ஒப்பாரி வைப்பேன் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும், கூட்டிக்கொண்டு போனார்.

நாசர் வண்டியை ஸ்டாண்டில் போட்டு ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் சீராக ஓடியது. என்னை ஏறச் சொன்னார். நான் எப்போதும்போல் இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு, பெண்கள் கால் வைக்கிற கம்பியில் மிதித்து உட்கார்ந்தேன். இன்ஜின் அணைந்தது. இறங்கினேன். உதைத்தார், ஓடியது. ஏறினேன், அணைந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அவ்வளவு வண்டிகளைப் பார்த்த நாசரே ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் தள்ளி நின்றார். என் மாமியார் பார்க்கிற அதே மாதிரி அவரும் என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அங்கே ஒரு கல் கிடந்திருந்தால் வண்டியை உடைத்திருப்பேன்.

என் கணவரை ஏறச் சொன்னார்கள். நாசர் மறுபடியும் உதைத்து ஓடவிட்டதும் இவர் பின்சீட்டில் ஏறினார். வண்டி பாட்டுக்கு ஓடியது. கூட்டத்தில் ஒருவர் உச்சுக்கொட்டினார். அழுகை வந்துவிடக் கூடாது என்று நான் தலையைக் குனிந்தபோதுதான் என் கணவருடைய கால்களைப் பார்த்தேன். பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். சுடிதார் போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போகிற சண்முகப்ரியாவும் அப்படித்தான் உட்காருவாள்.

"ஏனுங்க, நான் உக்காந்த மாதிரி நீங்க உக்காருங்க" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. நடு ரோட்டில், இத்தனை பேர் பார்க்க, ஒரு ஆம்பளை பொம்பளை மாதிரி ஒருபக்கமாக உட்காருவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். நான் அசையவில்லை. நாளைக்குப் பஸ் ஏறப் போகிறவள் நான்தானே, இதை மட்டும் செய்துவிடுங்கள் என்றேன். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு, அந்தக் கம்பியில் மிதித்து உட்கார்ந்தார்.

இன்ஜின் அணைந்தது.

நாசர் குனிந்து, கால் வைக்கிற கம்பியைக் கையால் அமுக்கிப் பார்த்தார். பிறகு பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். பழைய கம்பி உடைந்துபோய், ஆறேழு மாதம் முன்னால் ஒரு வெல்டிங் பட்டறையில் புதுக்கம்பி மாட்டியிருந்தோம். அதற்காக பாடியில் ஓட்டை போட்டு இறக்கிய போல்ட்டு நீளமாக உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. நாளாக நாளாக அது உரசி உரசி ஒரு வயரின் தோலைத் தின்றுவிட்டிருந்தது. கம்பியில் பாரம் ஏறினால் போல்ட்டு போய் அந்த வயரின் செம்பில் படும்.

"இது சாவிக்குப் போற வயருங்க தங்கச்சி. பாடியில பட்டா இன்ஜின் நின்னுபோகும். சாவியத் திருப்புனாலும் உள்ளார இதேதான் நடக்குது" என்றார் நாசர். என்னைத் தள்ளி நின்று பார்த்ததற்காகவோ என்னவோ, அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. போல்ட்டை அறுத்து, வயருக்கு டேப் சுற்றிக் கொடுத்தார்.

திரும்பும்போது வண்டி ஓர் இடத்திலும் நிற்கவில்லை. நான் உட்கார்ந்து அவ்வளவு தூரம் அது ஓடியதே எனக்குப் புதிதாக இருந்தது. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. நான் சந்தேகப்பட்டது அவர் கையை, அவர் சந்தேகப்பட்டது என்னையே. லாலி ரோடு தாண்டியதும் கேட்டேன், என் ராசிதான் காரணம் என்று நீங்களும் நம்பினீர்களா என்று. காதில் விழாத மாதிரி கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு, "கொஞ்சம்" என்றார்.

வீட்டில் மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். என் கணவர் சாதாரணமாக, வயர் பழுதுதான், சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே நழுவப் பார்த்தார். தான் உட்கார்ந்ததைச் சொல்லவில்லை. மாமியார் அதோடு விடுவாரா? வயர் பழுதென்றால் எல்லாருக்கும்தானே நிற்க வேண்டும், இவளுக்கு மட்டும் ஏன் நின்றது என்று கேட்டார். இவர் வாயைத் திறக்காததால் நானே திறந்தேன்.

"இவங்க உக்காந்தாலும் நின்னுச்சுங்க அத்தை. கடைக்காரங்க எல்லாருமே பாத்தாங்க."

இத்தனை நாளாக என் மேல் கிடந்த மாமியாரின் பார்வை மெதுவாக நகர்ந்து, பெற்ற பிள்ளையின் மேல் போய் நின்றது. மேலும் கீழுமாக அவரை அளந்தார்.

"அப்ப உன்ற சாதகத்தையும் எடுத்து வெய்யி கண்ணு. காத்தால போயி கேட்டுப்போட்டு வாரேன்."

"நான் என்னங்கம்மா பண்ணுனேன்?" என்றார் என் கணவர்.

நான் எத்தனையோ நாள் கேட்க நினைத்து விழுங்கிக்கொண்ட கேள்வி அது. அதைக் கேட்க வேண்டி வந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும், சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் அறைக்குள் போனார். நான் ஊருக்குப் போகக் கட்டி வைத்திருந்த பையைத் திறந்து, என் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பீரோவில் அடுக்கினார். அடுக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் கசக்கினார். நான் உதவிக்குப் போகவில்லை.