மார்ஜினில் ஒரு குருவி

அப்பய்யா சாரின் ஓவிய வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். அடுத்தவர் படத்தில் கை வைக்கக் கூடாது. அது அவருக்கும் சேர்த்துத்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளை வரைந்த பசுமாட்டுக்கு நாய் முகம் வந்திருந்தால், நோட்டு மார்ஜினில் சின்னதாக ஒரு மாட்டு முகம் போட்டுக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். படத்தைத் தொடமாட்டார். மதிப்பெண்ணும் கிடையாது. முடித்துக் கொண்டுவந்தால் கீழ் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு குருவி. பரளச்சிப் பக்கத்து நடுநிலைப்பள்ளியில் முப்பத்து மூன்று வருஷமாக இதுதான் வழக்கம். அன்று குருவி வாங்கியவர்களின் பிள்ளைகள் இப்போது குருவி வாங்குகிறார்கள்.

வீட்டில் மட்டும் அந்தச் சட்டம் செல்லாது.

அருப்புக்கோட்டையில் முன்பெல்லாம் அவர் மனைவி சௌடேஸ்வரி வாசலில் கோலம் போட்டு முடிப்பதும், அவர் பஸ்ஸுக்குக் கிளம்புவதும் ஒரே நேரம். குனிந்து, ஒரு வளைவை விரலால் அழித்து, திருத்திப் போட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். "இந்தப் பக்கம் கொஞ்சம் இழுக்குது பாரு." கல்யாணமான மறுநாளே தொடங்கிய பழக்கம் அது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சௌடேஸ்வரி ஸ்டிக்கர் கோலம் வாங்கி வாசற்படியில் ஒட்டிவிட்டாள். அது கோபம் என்றே அவருக்குப் புரியவில்லை. குனிந்து பார்த்து, "ரெண்டு பக்கமும் அளவு கச்சிதமா இருக்கே" என்று பாராட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவள் கோலமே போடவில்லை.

இந்த ஏப்ரலோடு அவருக்கு ஓய்வு. ஒரு வாரமாகவே சௌடேஸ்வரி அவரிடம் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவர்களுக்குக் கன்னடம். தமிழுக்கு மாறினால் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம்.

தலைமையாசிரியை பாண்டீஸ்வரி போன் செய்தபோது அது வெளியே வந்துவிட்டது. "உங்களுக்கென்ன டீச்சர், விழா முடிஞ்சா மாலையைப் போட்டு அனுப்பிருவீக. நாளப்பின்ன நாள் முழுக்க வீட்டுல இருக்கப்போறாக. தோசை வட்டமா இல்லம்பாக. கொடியில துணி கோணலா தொங்குதும்பாக. நான் எங்க போக?"

பாண்டீஸ்வரி சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். பள்ளியில் எந்த விழா என்றாலும் வாசல் கரும்பலகையைக் கலர் சாக்பீஸால் நிரப்புவது டிராயிங் சார்தான். அவருடைய விழாவுக்கு அவரே எப்படி வரைவார்? ஃப்ளெக்ஸும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்புப் பெண்கள் அவர் முகத்தை வரைகிறார்கள். சுற்றி ஒரு பார்டர் வேண்டும். "நீங்க வந்து ஒரு கோலம் இழுத்துவிடுங்கம்மா. சார் அன்னிக்குக் காலைல கல்வி ஆபீஸுல கையெழுத்துப் போடப் போறாரு. ரெண்டு மணிக்குத்தான் வருவாரு."

விழா நாளில் சௌடேஸ்வரி பத்து மணி பஸ்ஸில் போய் இறங்கினாள்.

பதினோரு வருஷம் கழித்துக் கை புள்ளி வைத்தது. ரோஸ் சாக்பீஸ் உடைந்தது. உடைந்த துண்டாலேயே இழுத்தாள். மூன்று மூலைகள் நன்றாக வந்தன. நான்காவது கீழே தொங்கியது.

"அம்மா, அந்த மூலை தொங்குது" என்றாள், சாரின் காதுக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்த நர்கிஸ். "அழிச்சிருவோமா?"

"இருக்கட்டும்மா. அவுக கை எங்க போகுதுன்னு பாப்போம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் மனசுக்குள் அது விளையாட்டாக இல்லை. பள்ளிக்கூடத்தில் வைத்தே அவர் அந்த மூலையை அழித்தால், இனி வரும் நாளெல்லாம் தன் வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு மணிக்கு அப்பய்யா வந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் பலகை முன்னால் நின்று தன் முகத்தையே பார்த்தார்.

"காது ஏன் இவ்வளவு பெருசா இருக்கு?"

"கடைசி பெஞ்சுல பேசுனாக்கூட உங்களுக்குக் கேட்டுருதே சார்" என்றாள் நர்கிஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் அந்த மூலைக்குப் போனது. கை தானாக டஸ்டரை எடுத்தது. ஒரே இழுப்பு. மூலை காணாமல் போனது.

"சார்!" என்று நர்கிஸ் கத்திவிட்டாள். "அடுத்தவங்க படத்துல கை வைக்கலாமா சார்?"

அப்பய்யா கையில் இருந்த டஸ்டரைப் பார்த்தார். பிறகு மிச்சமிருந்த மூன்று மூலைகளை உற்றுப் பார்த்தார். அந்தக் கோடுகளின் இழுப்பு அவருக்குத் தெரியும். திரும்பினார். தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்த சௌடேஸ்வரியின் விரலெல்லாம் ரோஸ் பொடி. அவள் அவரைப் பார்க்கவில்லை. பஸ் வரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயா போட்ட?"

"ஆமா. ஸ்டிக்கர் கிடைக்கல" என்றாள் தமிழில்.

அப்போதுதான் அவருக்கு ஸ்டிக்கர் புரிந்தது. பதினோரு வருஷம் தினமும் தாண்டிப்போன ஸ்டிக்கர்.

டஸ்டரைக் கீழே வைத்தார். சாக்பீஸ் துண்டை எடுத்துக்கொண்டு அவளிடம் நடந்தார். பிள்ளைகள் முன்னாலேயே கையை நீட்டினார்.

"தப்பு என்னுதுதான். நீயே போடு."

"மறுபடியும் தொங்கும்."

"தொங்கட்டும்."

அவள் போட்டாள். முன்னைவிட அதிகமாகவே தொங்கியது. ஏற்புரையில் அவர் முப்பத்து மூன்று வருஷத்தைப் பற்றிப் பேசுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். "என் சட்டத்தை நானே மீறிட்டேன். நர்கிஸ்தான் இன்னிக்கு எனக்கு வாத்தியார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் சௌடேஸ்வரி வாசற்படி ஸ்டிக்கரைத் தோசைக் கரண்டியால் சுரண்டி எடுத்தாள். தண்ணீர் தெளித்து, புள்ளி வைத்து, கோலம் போட்டாள். பஸ் பிடிக்க வேண்டியிராத அப்பய்யா காப்பி டம்ளரோடு வந்து நின்றார். ஒரு வளைவு நன்றாகவே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

டம்ளரை வைத்துவிட்டுக் குனிந்தார். அவள் மாவுக் கிண்ணத்தை இறுக்கிப் பிடித்தாள். அவர் விரல் கோலத்தைத் தொடாமல் இரண்டு சாண் தள்ளிப் போய், படியோரத்தில் சின்னதாக ஒரு வளைவு போட்டுக் காட்டியது. பிறகு நிமிர்ந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சௌடேஸ்வரி அந்தக் குட்டி வளைவைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், கன்னடத்தில் கேட்டாள்:

"சரி, என் குருவி எங்கே?"