பெருமிதத்தோடு ஒரு நடை

எங்கள் தலைமையாசிரியர் செப்யாலாவுக்கு ஒற்றைச் சொல் பிடிக்காது. 'மெதுவாக' என்பது சந்தையில் வாழைக்காய் விற்பவர்களுக்குப் போதும், படித்தவன் 'மிகுந்த நிதானத்தோடு' என்றுதான் எழுத வேண்டும் என்பார். ஆங்கிலத்தில் வினையடையை எடுத்துவிட்டு வினையடைத் தொடரைப் போடும் பாடத்தை மட்டும் வேறு யாருக்கும் விடமாட்டார். கோட்டு மாட்டிக்கொண்டு ஆறாம் வகுப்புக்கு அவரே போவார்.

அன்று அந்த வகுப்பில் மாணவி நகிட்டோவின் கழுத்தில் பலகை தொங்கியது. பள்ளிக்குள் ஆங்கிலத்தை விட்டு எங்கள் தாய்மொழியான லுகாண்டா பேசினால் அதை மாட்டுவார்கள். அடுத்து யாராவது பேசினால் அவர் கழுத்துக்கு மாற்றிவிடலாம். கடைசி மணி அடிக்கும்போது பலகை வைத்திருப்பவர் மைதானத்துக்குப் போகக்கூடாது. அன்றைக்கு வலைப்பந்து இறுதி ஆட்டம். எங்கள் அணியில் குறி தவறாமல் வளையத்துக்குள் போடத் தெரிந்தவள் நகிட்டோ ஒருத்திதான்.

"யாராவது ஒரு வார்த்தை லுகாண்டால பேசுங்கடி" என்று ஆங்கிலத்திலேயே கெஞ்சினாள்.

"நாங்களும் மேட்ச் பாக்கணும்ல?" என்றாள் பக்கத்துப் பெண்.

அடுத்த வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த எனக்குப் பாதிச் சுவருக்கு மேலே எல்லாம் தெரிந்தது.

"'அவன் பெருமையாக நடந்தான்.' மாத்திச் சொல்லு" என்றார் தலைமையாசிரியர்.

"அவன் பெருமிதத்தோடு நடந்தான், சார்."

"அது எப்படி இருக்கும்னு தெரியுமா? பாருங்க."

நெஞ்சை நிமிர்த்தி, கைகளைப் பின்னால் கட்டி, உத்தரத்தைப் பார்த்தபடி நடந்தார். கதவுக்கு முட்டுக்கொடுத்த செங்கல் உத்தரத்தில் இல்லை, கீழே இருந்தது. கட்டைவிரல் போய் மோதியது.

"மாமா ன்யாபோ!"

அடிபட்டவன் பெற்றவளைக் கூப்பிடும் சுத்தமான லுகாண்டா.

யாரும் சிரிக்கவில்லை. நகிட்டோ எழுந்து வந்தாள். பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் எங்கள் பெண்கள் கொடுப்பதுபோல மண்டியிட்டு, இரண்டு கையாலும் பலகையை நீட்டினாள்.

"சார்... மணி அடிக்கப் போகுது."

ஒற்றைக் காலில் நின்றபடி பலகையையும் அவளையும் பார்த்தார். சட்டம் போட்டவரே அவர்தான். டையை ஒதுக்கிவிட்டு, குனிந்து கழுத்தைக் கொடுத்தார்.

மணி அடித்ததும் பள்ளியே மைதானத்துக்கு ஓடியது. அவர் மட்டும் அறைக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். கடைசி நிமிஷத்தில் நகிட்டோ பந்தைப் போட்டதும் அந்த ஜன்னலிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. அதில் ஆங்கிலம் ஒரு சொல்கூட இல்லை.

எப்படியும் பலகை ஏற்கெனவே அவர் கழுத்தில்தான் இருந்தது.