சொல்லாமல் வைத்த எட்டு மாதம்

கேப்டனின் அண்ணன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். தம்பி வெளிநாட்டு விமானக் கம்பெனியில் கேப்டனாகிப் பதினோரு வருடம் ஆன பிறகும், விடுமுறையில் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"ரெண்டு பேரும் டிரைவர்தான்டா. என் வண்டி நின்னா நாலு பேரு இறங்கித் தள்ளுவான். உன் வண்டி நின்னா எவன் இறங்குவான்?"

கேட்டுவிட்டு, அன்றுதான் புதிதாகக் கண்டுபிடித்தவர் மாதிரி விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் இறந்துபோன செய்தி தம்பிக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அன்று காலை கேப்டன் விமானத்தை இறக்கி, நிறுத்துமிடத்தில் சேர்த்து, என்ஜின்களை அணைத்தார். பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகு கையெழுத்துப் போட வேண்டியதைப் போட்டுவிட்டு செல்போனைத் திறந்தார். மனைவியிடமிருந்து ஒரு செய்தி. வழக்கமாக "இறங்கிட்டீங்களா?" என்ற ஒரு சொல்தான் இருக்கும். இன்று கூடவே இன்னொரு வரி: "ரூமுக்குப் போனதும் கூப்பிடுங்க."

கம்பெனி கொடுத்த வீடு பன்னிரண்டாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடம் முழுக்க விமானிகள்தான். எல்லா வீட்டிலும் அதே சாம்பல் நிற சோபா, பகலில் தூங்குவதற்காகப் போட்ட அதே தடித்த திரைச்சீலை. அவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கூப்பிட்டார்.

"அடுத்த டியூட்டி எப்ப?" என்றாள் மனைவி.

"நாளன்னைக்கு மத்தியானம். ஏன்?"

"உக்காந்துதான இருக்கீங்க?"

"உக்காந்துதான் இருக்கேன், சொல்லு."

"அண்ணன் போயிட்டாருங்க."

"எங்க போனாரு?" என்று கேட்டார் கேப்டன்.

மறுமுனையில் அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. முந்தாநாள் விடியற்காலையில் உயிர் போயிருக்கிறது. அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்துவிட்டது. அந்த இரண்டு நாளில் அவர் வேறொரு தேசத்து ஹோட்டலிலிருந்து அவளை இரண்டு முறை கூப்பிட்டிருந்தார். இரண்டு முறையும் அவள் சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் கேட்கிறதே என்றதற்கு டி.வி. என்றாள்.

மறுநாள் காலை கேப்டன் ஆபீஸுக்குப் போனார். விமானிகளுக்கு மேலாளராக இருந்தவர் நல்ல மனிதர்; எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் துக்க விடுப்புக்கான படிவத்தில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. கூடப் பிறந்தவர்களுக்குக் கட்டம் இல்லை. மேலாளர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் வருடாந்திர விடுப்பிலிருந்து நான்கு நாள் எடுத்துக் கொடுத்தார்.

ஊழியர் டிக்கெட்டில் கடைசி வரிசையில், நடு இருக்கை கிடைத்தது. விமானம் எழும்பும்போது பழக்கதோஷத்தில் கை எதையோ பிடிக்கப் போனது, பிடிக்க ஒன்றுமில்லை. பக்கத்து இருக்கைக்காரர், "முதல் தடவையா? பயப்படாதீங்க" என்று ஆறுதல் சொன்னார். கேப்டன் தலையாட்டினார்.

அண்ணியைப் பார்க்கப் போனபோது அந்த வீட்டில் கூட்டம் கலைந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் மருந்து அட்டைகள் ஒரு ஷூ பெட்டி நிறைய இருந்தன. கேப்டன் ஒன்றை எடுத்துத் தேதியைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார்.

"எத்தனை நாளா அண்ணி?"

"எட்டு மாசம் தம்பி. வயித்துல கட்டி. பார்த்தப்பவே முத்திப்போச்சுன்னுட்டாங்க."

இந்த எட்டு மாதத்தில் கேப்டன் இரண்டு தடவை வந்து போயிருக்கிறார். அண்ணன் இளைத்திருந்ததைப் பார்த்தார். சுகர், சோத்தைக் குறைச்சுட்டேன் என்றார் அண்ணன். "சினிமால நடிக்கப் போறீங்களா?" என்று தம்பி முதுகில் தட்டியிருந்தார். தட்டிய கையில் எலும்பு பட்டது இப்போது ஞாபகம் வந்தது.

"எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு அவருதான் சத்தியம் வாங்கிட்டாரு." அண்ணி கொஞ்ச நேரம் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "அவரு வண்டியில ஒரு ஆளு அடிபட்டாரே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. கேப்டன் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்த காலம். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அதே வாரம். சைக்கிளில் போன ஒரு தச்சருக்கு முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது.

"பிரேக் பிடிக்கலன்னு சொன்னாரே."

"பிரேக்குல ஒரு கோளாறும் இல்ல தம்பி. ஒரு ஸ்டாப்புல யாரோ ஜன்னல் வழியா, 'உங்கப்பா போயிட்டாருப்பா'ன்னு சொல்லிட்டாங்க. பஸ் நிறைய ஜனம். பாதி வழியில எப்படி இறக்கி விடறதுன்னு அப்படியே ஓட்டியிருக்காரு. அந்த ஆளு குறுக்க வந்தது அவரு கண்ணுலயே படல. அதுலேருந்து அவருக்கு ஒரே பேச்சுதான். வண்டியில உக்காந்திருக்கறவன்கிட்ட கெட்ட சேதி சொல்லாதீங்கன்னு. என் தம்பி முன்னூறு பேரை ஏத்திக்கிட்டுப் போறான், நான் செத்தாலும் அவன் இறங்கின பிறகு சொல்லுங்கன்னாரு."

கேப்டன் பெட்டியை மூடி வைத்தார்.

மனைவி மேல்தான் கோபம் திரும்பியது. தங்கள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கத்தினார்.

"அவரு சொன்னாருன்னா உனக்கு எங்க போச்சு புத்தி? கூடப் பொறந்தவன் நானா, நீயா?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"எப்பங்க சொல்றது? கூப்பிட்டா நாளைக்குப் பறக்கணும்பீங்க. இல்லன்னா இப்பதான் இறங்கினேன், தூங்கணும்பீங்க. லீவுல வந்தா நாலு நாள் நிம்மதியா இருக்கட்டும்னு தோணும். எப்ப நீங்க பறக்காம இருந்தீங்க, நான் சொல்றதுக்கு?"

"அப்ப இன்னும் என்னவெல்லாம் சொல்லாம வச்சிருக்க?"

கோபத்தில் கேட்ட கேள்விதான். அவள் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள். ஒரு சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, வருடவாரியாகச் சொன்னாள். மகள் கல்லூரியில் ஒரு வருடம் தோற்று மறுபடி எழுதியது. சமையலறையில் எண்ணெய் பற்றிக்கொண்டு, மேல்வீட்டுக்காரர் வந்து அணைத்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் மார்பில் ஒரு கட்டி வந்து, அறுத்து, சோதனைக்கு அனுப்பியது.

"ரிசல்ட் வர ஒம்பது நாளாச்சு. ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சு. ஆஸ்பத்திரில கையெழுத்துப் போட்டது அண்ணன்தான்."

கேப்டன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்த ஒன்பது நாளும் அவர் அவளிடம் பேசியிருப்பார். ஒரு சொல்கூட நினைவில் இல்லை.

நான்கு நாள் முடிந்தது. திரும்பிப் போன மறுநாள் மத்தியானம் டியூட்டி. சீருடை போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்க பத்திரமாப் போயிட்டு வாங்க" என்றாள் மனைவி. பதினோரு வருடமாகக் கேட்ட அதே குரல். ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை.

அலுவலகத்தில் துணை விமானி வானிலைத் தாள்களைப் பரப்பி வைத்துக் காத்திருந்தான். எரிபொருள் எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்டான். கேப்டன் தாளைப் பார்த்தார். எண்கள் தெரிந்தன, எதற்கான எண்கள் என்று பிடிபடவில்லை. அதே வரியை மூன்றாம் தடவையாகப் படித்தார். ஜன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று பயணிகளை விமானத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது.

பேனாவைக் கீழே வைத்தார். "இன்னிக்கு என்னால ஓட்ட முடியாது. வேற கேப்டனைக் கூப்பிடச் சொல்லு" என்றார். விமானம் ஓட்டத் தொடங்கிய இருபத்தாறு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. துணை விமானி அவர் முகத்தைப் பார்த்தான். போனை எடுத்தான்.

கம்பெனி டாக்டர் பத்து நாள் ஓய்வு எழுதிக் கொடுத்தார். அறைக்கு வந்து, திரையை முழுவதும் விலக்கிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"நீங்க ஏறலையா?" என்று பதறினாள். "உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. பத்து நாளைக்கு நான் எங்கயும் பறக்கல. அண்ணன் கடைசியா எப்படி இருந்தாரு, சொல்லு. எதையும் விடாம சொல்லு."

அவள் முதலில் நம்பவில்லை. மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு சொன்னாள். கடைசி வாரம் தண்ணீர் இறங்காதது, வலி தாங்காமல் தலையணையைக் கடித்தது, நடுநடுவே "அவன் இப்ப எங்கடா பறந்துட்டிருப்பான்?" என்று வந்தவர்களையெல்லாம் கேட்டது. அவர் வாய்விட்டு அழுதார். அவள் நிறுத்தினாள். "மேல சொல்லு" என்றார்.

பதினோராம் நாள் டாக்டர் சரி என்று கையெழுத்துப் போட, கேப்டன் மறுபடி பறக்கப் போனார். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. கிளம்புமுன் கூப்பிட்டார்.

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்றாள்.

"நிஜமாவா?"

அவள் ஒரு கணம் பேசவில்லை. "நிஜமா" என்றாள்.

அந்த ஒரு கணத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கீழே கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடித்தது. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, லிஃப்டுக்கு நடந்தார்.