மூன்றில் ஒரு பங்கு ஆள்

வெள்ளாற்றூரில் முப்பது வயது ஆகாதவர்கள் மூன்றில் ஒரு பங்கு ஆள். முன்பு அவர்கள் காப்பீட்டுக் கணக்கில் வரவே இல்லை. இருபத்தொரு வயதில் பெற்றோரின் பாலிசியிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அதன் பிறகு முப்பது வரைக்கும் நோய் வராமல் பார்த்துக்கொள்வது அவரவர் சாமர்த்தியம். இளைஞர் நல விரிவாக்கத் திட்டம் வந்த பிறகுதான் அவர்களை மூன்றில் ஒரு பங்காக உயர்த்தினார்கள். பூஜ்யத்திலிருந்து பார்த்தால் அது பெரிய முன்னேற்றம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மூன்று பேர் சேர்ந்து வந்தால் ஒரு ஆளாக எழுதிக்கொண்டு ஒரு அட்டை கொடுப்பார்கள்.

பெனிட்டா காப்பீட்டு அலுவலகத்துக்குத் தனியாகப் போனாள். ஹோட்டல் சாப்பாட்டை ஸ்கூட்டியில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவளுக்கு. மழையிலும் வெயிலிலும் வண்டி ஓட்டுகிறவளுக்கு ஒரு அட்டை இருந்தால் நல்லது என்று அம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கவுன்ட்டரில் இருந்த வத்சலா மேடம் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"உங்களோட மீதி எங்க?"

"தெரியல மேடம்."

"பெஞ்சுல பாருங்க. யாராவது கிடைப்பாங்க."

பெஞ்சில் ரியாஸ் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தான். கால் சென்டரில் வேலை பார்க்கிறவன். லீவு தீர்ந்துகொண்டிருந்தது. அவன் பக்கத்தில் குமரவேல், ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு. நாள் முழுக்க நின்று பழகியதால் பெஞ்சிலும் அரைகுறையாகத்தான் உட்கார்ந்திருந்தான். பெனிட்டா அவர்களுக்கு நடுவில் இடம் பிடித்தாள். மூவரும் பெயரைச் சொல்லிக்கொண்டார்கள். வேறு யாரும் வருகிற மாதிரி தெரியவில்லை. எழுந்து கவுன்ட்டருக்குப் போனார்கள்.

வத்சலா மேடம் வயதுகளைக் கேட்டார். இருபத்து மூன்று, இருபத்து மூன்று, இருபத்து நான்கு.

"கூட்டினா எழுபது வருதே. எழுபது வயசுக்காரருக்கு நாங்க புதுசா பாலிசி தர்றதில்லையே."

மேடம் நல்லவர். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, கடைசிப் பாகம் பிறந்த அன்றுதான் முழு ஆளும் பிறந்ததாகக் கொள்ளலாம் என்று கண்டுபிடித்தார். மூவரில் இளையவள் பெனிட்டா. அவள் பிறந்த நாளையே எழுதிக்கொண்டார்.

"பேரு மூவேந்தன்னு போட்டுக்கறேன். நேத்து வந்தவங்களுக்கும் அதான் போட்டேன்."

பிறகு யார் யார் என்னென்ன கொண்டுவருகிறார்கள் என்று எழுத வேண்டியிருந்தது. குமரவேல் கால்களைத் தருவதாகச் சொன்னான். மேடம் அவன் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஏற்கெனவே தேய்ந்த உறுப்பைத் திட்டத்தில் சேர்க்க முடியாது.

"வேற என்ன நல்லாருக்கு?"

"தலை நல்லாருக்கு மேடம். அதை இன்னும் அவ்வளவா பயன்படுத்தல."

தலை குமரவேலுடையது என்று எழுதினார். கைகளும் கால்களும் பெனிட்டாவுக்குப் போயின. வயிறு என்ற கட்டத்துக்கு வந்தபோது மேடம் நிமிர்ந்தார். பெனிட்டாவுக்கு அன்று காலையிலிருந்தே வலது பக்கம் அடிவயிற்றில் லேசாக ஏதோ சுருக்கென்றது. அவள் தரையைப் பார்த்தாள். கேன்டீனில் எதைப் போட்டாலும் தனக்குச் செரிக்கும் என்று ரியாஸ் சொன்னான். வயிறு ரியாஸுடையது ஆயிற்று.

அட்டையில் இருந்த படத்தில் குமரவேலின் தலை, ரியாஸின் சட்டை, பெனிட்டாவின் செருப்பு. பார்க்க மோசமில்லை. பெனிட்டாவின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பையன் லட்சணமா இருக்கான்" என்றாள்.

மாதம் ஒரு முறை மூவேந்தன் உயிரோடு இருக்கிறார் என்று அலுவலகத்தில் காட்ட வேண்டும். அதற்காக மூவரும் சந்தித்தார்கள். காட்டி முடித்ததும் பக்கத்துக் கடையில் பிரியாணி. வயிறு ரியாஸுடையது என்பதால் அவன் சாப்பிட்டான், மற்ற இருவரும் துணைக்குச் சாப்பிட்டார்கள். ரியாஸுக்கு ஊசி என்றால் பயம், குமரவேலுக்குச் சேலை விற்பது பிடிக்காது, ஆனால் கட்டிக் காட்டுவது பிடிக்கும் என்பதெல்லாம் அப்படித்தான் பெனிட்டாவுக்குத் தெரிய வந்தது. அடிவயிற்றுச் சுருக்கை மட்டும் அவள் சொல்லவில்லை. தனக்கு வயிறே கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு அதைப் பற்றி எப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு மதியம், இரண்டு சாப்பாட்டுப் பொட்டலங்களோடு போய்க்கொண்டிருந்தபோது வலி அவளை வண்டியோடு நிறுத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டையும் கொடுத்தாள். அப்புறம் நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டாள்.

வரவேற்பு மேசையில் இருந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல வயிறு ரியாஸ்னு இருக்கு. உங்களுக்கு கை கால்ல ஏதாவது?"

"இல்லண்ணா. வயிறுதான்."

"கால் உடைஞ்சிருந்தா உடனே சேத்துக்கலாம்மா." அவர் அனுதாபத்தோடுதான் சொன்னார். "மாடிப்படி அந்தப் பக்கம் இருக்கு."

பெனிட்டா போய்ப் பார்த்தாள். நல்ல படிகள், செங்குத்தாகவும் இருந்தன. ஆனால் கால் உடைந்தால் காலைத்தான் பார்ப்பார்கள் என்று யோசித்துத் திரும்பி வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

டாக்டர் இருபத்தெட்டு வயதுக்காரர், ஆகவே மூன்று பேராக வந்தார். முதலாமவர் அழுத்திப் பார்த்தார், இரண்டாமவர் குனிந்து கேட்டார், மூன்றாமவர் சொன்னார்.

"குடல்வால். சாயங்காலத்துக்குள்ள வெடிச்சிடும். வலியை வயித்துக்காரருக்கு மாத்திட்டா அவருக்கு ஆபரேஷன் பண்ணிடலாம். ஆனா தலை சம்மதிக்கணும். கை கையெழுத்துப் போடணும்."

பெனிட்டா ரியாஸுக்குப் போன் செய்தாள். அவனுக்குப் பின்னால் மேற்பார்வையாளர் நின்றிருக்க வேண்டும்.

"உங்கள் அழைப்புக்கு நன்றி. உங்கள் பிரச்சினை எங்களுக்குப் புரிகிறது. தயவுசெய்து இணைப்பில் இருங்கள்" என்றான். இருபது நிமிடத்தில், தலையில் ஹெட்போனோடு ஆட்டோவில் வந்து இறங்கினான்.

குமரவேல் வர இன்னும் நேரமானது. தீபாவளி வியாபாரம். ஒரு அம்மாவுக்குப் பச்சைப் பட்டைத் தன் மேல் பாதி கட்டிக் காட்டிக்கொண்டிருந்தவன், அப்படியே கிளம்பி வந்துவிட்டான். அந்த அம்மா இன்னும் முடிவு செய்யாததால் அவரும் பின்னாலேயே வந்து, வார்டில் ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் ரியாஸ் தன் வயிற்றை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டான். மறுநாள் அவன் தங்கைக்கு நிக்காஹ். புது ஜிப்பா கூடத் தைத்து வந்திருந்தது.

"ரொம்ப வலிக்குதா?"

"ம்."

"எப்படி வலிக்குது?"

"உள்ள யாரோ ஈரத்துணியப் பிழியற மாதிரி."

"ஊசி போடுவாங்களா?"

"போடுவாங்க."

பெனிட்டாவுக்கு அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "ரியாஸ், ஃபார்ம் எழுதின அன்னைக்கே எனக்கு வலி இருந்துச்சு. உங்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

அவள் அதைச் சொன்னபோது மூன்றாவது டாக்டர் ஆபரேஷன் படிவத்தின் இரண்டாம் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். நோய் முன்பே இருந்ததா என்பது அங்கே முதல் கேள்வி. இருந்தது என்றால் அட்டை செல்லாது. பதில் சொல்ல வேண்டியது தலை. இருவரும் குமரவேலைப் பார்த்தார்கள். டாக்டர்களும் மூன்று பேராகப் பார்த்தார்கள்.

குமரவேல் முந்தானையை நெற்றியில் ஒற்றிக்கொண்டான். அவனுடைய தலையிடம் யாரும் இதுவரை எதையும் கேட்டதில்லை. பொய் சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும். அவன் கண்ணை மூடிக்கொண்டு, முழு முயற்சியோடு மறக்க ஆரம்பித்தான். பெனிட்டா சொன்னது முதலில் போனது. வேகத்தை நிறுத்த முடியாமல் சேலைகளின் விலையும், கடைக்குப் போகிற வழியும், முதலாளியின் முகமும் கூடவே போயின.

"எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல சார்" என்றான். முகம் தெளிவாக இருந்தது.

"அப்ப இந்தப் பச்சை என்ன விலைப்பா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"தெரியாதுங்க. நீங்க எடுத்துக்குங்க."

அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரியாஸ் ஹெட்போனைக் கழற்றிப் பெனிட்டாவின் கழுத்தில் மாட்டினான். "சரி, குடு" என்றான். அவள் கையெழுத்துப் போட்டாள். கடைசிப் புள்ளியை வைத்தபோது வலி போய்விட்டது. ரியாஸ் மெல்லச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். "பொய் சொல்லிருக்க. ஈரத்துணி இல்ல, ஜமுக்காளம்" என்றான். அவனை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது கதவு வரைக்கும் பெனிட்டா கூடவே ஓடினாள். கால்கள் அவளுடையவை என்பதால் யாரும் தடுக்கவில்லை. அவன் ஊசியைப் பார்க்காமல் இருக்க, உள்ளங்கையால் அவன் கண்ணை மூடியிருந்தாள். கை நனைந்தது.

மறுநாள் நிக்காஹுக்குப் பெனிட்டாவும் குமரவேலும் போனார்கள். பெண்ணின் அண்ணனில் மூன்றில் இரண்டு பங்கு வந்திருப்பதாக எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ரியாஸின் உம்மா பெனிட்டாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. இருவரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பட்டினியாகக் கிடந்த ரியாஸ் மூன்று தடவை ஏப்பம் விட்டு நர்ஸிடம் திட்டு வாங்கினான்.

ரியாஸை வீட்டுக்கு அனுப்புகிற அன்று நர்ஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைப் பெனிட்டாவிடம் கொடுத்தார். உள்ளே குடல்வால் இருந்தது.

"இது இப்ப மூவேந்தன்ல சேராதும்மா. வெளிய வந்தாச்சு. இதுக்குத் தனியாத்தான் எழுதணும்."

திங்கட்கிழமை பெனிட்டா டப்பாவோடு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனாள். பெஞ்சில் ஒரு கல்லூரிப் பெண் பித்தப்பைக் கல்லைக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் தாடை வீங்கிய ஒரு மெக்கானிக். அவனிடம் ஒரு தகர டப்பாவில் ஞானப்பல். மூவரும் பேசிக்கொண்டு கவுன்ட்டருக்குப் போய், கொண்டுவந்ததை வரிசையாக வைத்தார்கள்.

வத்சலா மேடம் புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். ஞானப்பல்லைத் தலை என்று எழுதிக்கொண்டார். கல்லைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, கை கால் கட்டத்தில் சேர்த்தார். குடல்வாலுக்கு வயிறு. பிறகு கேமராவைக் கவுன்ட்டரில் இருந்த பல், கல், குடல்வால் பக்கம் திருப்பி வைத்து, மூன்று பேரையும் அசையாமல் நேராகப் பார்க்கச் சொன்னார்.