இடது முன்சக்கரம்

அத்தை இரண்டாம் முறை கூப்பிட்டபோது மகள் வாசலில் மல்லாந்து படுத்து, காரின் இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். உள்ளே கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். பெற்ற அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து அழவேண்டியவள் வண்டிக்கடியில் கிடக்கிறாளே என்று வந்தவர்கள் அவள் பாதங்களைத் தாண்டிக்கொண்டு போனார்கள். அவள் காலை மட்டும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கார் அப்போதுதான் வந்திருந்தது. பந்தய மைதானத்தில் கொடி காட்டுகிறவர் அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்பா பள்ளி பஸ் டிரைவர். வாரத்தில் ஐந்து நாள் மாட்டுவண்டிக்கு வழிவிடுகிற வேகத்தில் ஓட்டுகிற மனிதர், மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் இந்தப் பழைய காரை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்ப் பேயாய்ப் பறப்பார். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் வண்டியே பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் அந்தக் காரில் கிடையாது. பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் கார் வழுக்கிக்கொண்டு நேராகத்தான் போகும். அதனால் மிதித்து, விட்டு, மறுபடி மிதித்துக் காலாலேயே சமாளிக்க வேண்டும். இதை எத்தனை தரம் சொன்னாலும் அத்தையின் மண்டையில் ஏறவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், பிரேக்கே இல்லாத வண்டியை என் தம்பி ஓட்டியிருக்கிறான் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மாலை அந்தப் பிரேக்கில் கை வைத்தவள் மகள்தான்.

அவள் மெக்கானிக். பிரேக் குழாயில் சேர்ந்த காற்றை எடுப்பது இரண்டு பேர் வேலை. அப்பா உள்ளே உட்கார்ந்து மிதிப்பார். அவள் சக்கரத்தருகே இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தி, காற்று வெளியேறியதும் இறுக்குவாள். அந்த நேரத்தில் 'மிதிங்க', 'விடுங்க' தவிர வேறு பேச்சு கூடாது என்பது இருவருக்குமிடையே சட்டம். அன்று சட்டத்தை மீறியவளும் அவள்தான். நாலாவதாக இந்த இடது முன்சக்கரத்துக்கு வந்தபோது, அறுபத்திரண்டு வயதாகிறது, ஏபிஎஸ் உள்ள காராகப் பார்க்கலாமே என்று ஆரம்பித்தாள். பேச்சு முற்றியது.

"எல்லாத்தையும் வண்டியே பாத்துக்கும்னா, நான் எதுக்கு உள்ள உக்காந்திருக்கணும்?" என்றார் அப்பா.

"அப்ப எப்படியோ போங்க."

ஸ்பானரைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அதுதான் அவரிடம் கடைசியாகச் சொன்னது. கடைசித் திருகை இறுக்கினாளா? ஓட்டும்போதே அப்பா போய்விட்டாரென்று நேற்று மதியம் மைதானத்திலிருந்து போன் வந்ததிலிருந்து அவள் யோசித்தது அது ஒன்றைத்தான். டாக்டர் மாரடைப்பு என்றார். பிரேக் பிடிக்காத பயத்தில் நெஞ்சு நின்றாலும் அதற்கும் அதே பெயர்தானே.

விரலில் திருகு தட்டுப்பட்டது. சுற்றிலும் தடவினாள். ஈரமில்லை. ஸ்பானரைப் போட்டு அசைத்தாள், அசையவில்லை. அவள்தான் இறுக்கினாளோ, நேற்றுக் காலையில் அப்பா பார்த்து இறுக்கினாரோ, இறுகியிருந்தது. எழுந்து உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்தாள். கல் மாதிரி நின்றது.

அப்படியும் மனசு ஆறவில்லை. கொடிக்காரரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டாள். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நேர்பாதையின் முடிவில் கார் வளைவில் திரும்பவில்லை. நேராகப் புல்லில் இறங்கி, சுவருக்கு இரண்டடி முன்னால் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் இன்ஜின் அணைந்திருந்தது. சாவி அப்பாவின் கைக்குள் இருந்தது.

"ரோட்டுல டயர் தேச்ச கோடு இருந்துச்சா?"

"ஒரு கோடும் இல்லம்மா. பின்னாடி பிரேக் லைட்டுலதான் ஏதோ கோளாறு. அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுது."

"எப்படி? காட்டுங்க."

அவர் விரல்களை மூடித் திறந்து காட்டினார். மூடித் திறந்து, மூடித் திறந்து, ஒரே சீராக. கடைசியில் மூடிய விரல்களை அப்படியே வைத்துக்கொண்டார்.

அவள் மறுபடி சக்கரத்தருகே உட்கார்ந்தாள். பூட்டிக்கொண்ட சக்கரத்தில் டயர் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகிவிடும். காரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளச் சொல்லி, உள்ளங்கையை டயர்மேல் வைத்துச் சுற்று முழுவதும் தடவிப் பார்த்தாள். எங்கேயும் தட்டையாக இல்லை. நெஞ்சு வலித்துக்கொண்டிருந்தபோதும் மனிதர் ஓங்கி மிதிக்கவில்லை; விளக்கு அணைந்து அணைந்து எரிந்ததுபோல, மிதித்து, விட்டு, மிதித்தே நிறுத்தியிருக்கிறார். வாசலில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல் வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது.

மகள் கூடத்துக்குள் நுழைந்ததும் அத்தை அவள் உள்ளங்கைக் கரியைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"கையக் கழுவிட்டு வாடி."

"பிரேக் நல்லா இருந்துச்சு அத்தை. இனிமே இல்லைன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

குடிக்க டீயும் கேட்டாள். நேற்றிலிருந்து எதையும் தொடாதவள் டீ கேட்டது அத்தைக்கு ஆச்சரியமாக இருந்தது. கொண்டுவந்து கொடுத்தாள். மகள் அப்பாவின் காலருகே உட்கார்ந்து ஒரு கையால் டீயைக் குடித்தாள். மறுகை அவருடைய வலது பாதத்தின் அடியில் இருந்தது. தூக்க ஆட்கள் வந்தபோதுதான் எடுத்தாள். பாதத்தில் அவள் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. அத்தை ஈரத்துணியோடு குனிந்தாள்.

"இருக்கட்டும் அத்தை," என்றாள் மகள்.