கம்பியிலிருந்து இறங்கும் கொடி

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. மேரிறோஸ் வீட்டு ஜன்னலிலிருந்து திருடினேன். 1992, லண்டனில் கோலியர்ஸ் வுட். கொடி தைக்கும் ஒரு பட்டறையில் அவளுக்கு மெஷின் வேலை. சிலுவை கோணியதால் கழித்துப் போட்ட சுவீடன் கொடி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, திரைச்சீலைக் கம்பியில் கயிற்றால் கட்டியிருந்தாள். அவளுடைய தம்பி கஸ்பர் கள்ளமாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பி, பால்டிக் கரையில் சுவீடனுக்குப் படகேறியிருந்தான். ஏறியது கார்த்திகையில். மாசி வந்தும் போன் வரவில்லை.

2

(கைவிட்ட தொடக்கம்:) "பின்லாந்துக்குப் படையெடுத்துப் போன சுவீடன் மன்னன் எரிக் நீல வானத்தில் பொன் சிலுவையைக் கண்டான். அன்றிலிருந்து சுவீடனின் கொடி..."

கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிற்காலத்தில் கட்டிய கதை என்கிறார்கள் வரலாற்றுக்காரர்கள். நீலமும் மஞ்சளும் பழைய அரச கேடயத்திலிருந்து வந்திருக்கலாமாம். அந்தக் கேடயத்தின் நீலத்தில் மூன்று பொன் முடிகள் உண்டு. [நோர்வேயோடு ஒன்றாக இருந்த காலத்தில் கொடியின் மூலையில் ஒரு கலவைச் சின்னம் ஒட்டியிருந்தது. சனங்கள் அதை 'மீன் சலாட்' என்று நக்கலடித்தார்கள். எனக்கு அந்தச் சனங்களைப் பிடித்துவிட்டது.]

மேரிறோஸுக்கு மன்னனும் தெரியாது, முடியும் தெரியாது. அவள் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கத்தோலிக்கப் பெண். கொடியில் சிலுவை பக்கவாட்டில் கிடப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"சிலுவையைப் படுக்கப் போடுறதே, அண்ணை? பிரேதம் மாதிரியெல்லோ கிடக்குது."

கொடியைத் திருப்பி, சிலுவை நிமிர்ந்து நிற்கும்படி தொங்கவிட்டாள். தினமும் அதன் முன்னால் நின்று தம்பிக்காகச் செபித்தாள்.

3

காலையில் எழும்பிப் பார்த்தால் கொடி கீழே இறங்கியிருக்கும். முடிச்சு அவிழ்ந்திருக்காது. கயிறுதான் நீண்டிருக்கும். அவள் மறுபடி கம்பிவரை இழுத்துக் கட்டுவாள். அடுத்த காலையும் அப்படியே.

பேயைக் கூப்பிடுமுன் ஹீட்டரைப் பார்ப்பதுதான் எழுத்தாளனுக்கு அழகு. சூட்டில் கயிறு இளகியிருக்குமோ என்று போய்த் தொட்டுப் பார்த்தேன். ஹீட்டர் ஐஸாகக் குளிர்ந்தது. அது பழுதாகி இரண்டு கிழமையாம்.

4

மேல்மாடியில் கத்தரின் என்றொரு சுவீடன்காரி இருந்தாள். (இவ்வளவு வசதியாக ஒரு சுவீடன்காரியா என்று நீங்கள் முகம் சுழிப்பீர்கள். இரண்டு தடவை அவளை வெட்டிப் பார்த்தேன். கதை நிற்கவில்லை.) அவள் ஒரு காலை வந்து, இறங்கிக் கிடந்த கொடியைப் பார்த்தாள்.

"யார் இறந்தது?" என்று கேட்டாள்.

மேரிறோஸ் விழித்தாள். கத்தரின் விளக்கினாள். அவர்கள் நாட்டில் சாவென்றால் கொடியை முதலில் உச்சிவரை ஏற்றுவார்கள். பிறகு மூன்றில் ஒரு பங்கு இறக்கி வைப்பார்கள்.

"பிறகு?"

"அடக்கம் முடிந்ததும் திரும்ப உச்சிக்கு ஏற்றுவோம்."

அன்றைக்கே மேரிறோஸ் எனக்குப் போன் எடுத்தாள்.

"அப்ப நான் ஒவ்வொரு விடியவும் அவனைத் தாட்டுக்கொண்டெல்லோ இருந்திருக்கிறன், அண்ணை?"

எனக்கும் பயமாக இருந்தது.

5

முடிவுகள்.

அ) போன் அடிக்கிறது. "அக்கா, நான் கஸ்பர். மால்மோவில..." எழுதினேன், அழித்துவிட்டேன். அவள் வீட்டில் போன் அடிக்கவில்லை.

ஆ) கொடியைக் கழற்றி மடித்து வைக்கிறாள். இதை அவளிடமே சொல்லிப் பார்த்தேன். "கழட்ட ஏலாது. கழட்டினா அவன் எங்க வந்து சேருறது?" என்றாள்.

இ) கத்தரின் வந்து, எல்லாம் மூடநம்பிக்கை என்று

இல்லை. கத்தரினும் இப்போது அந்த ஜன்னலைப் பார்க்காமல்தான் படியேறுகிறாள்.

இதுவரை எழுதியதை மேரிறோஸுக்கு வாசித்துக் காட்டினேன். "இதோட விடுங்கோ. நீங்கள் முடிச்சா முடிஞ்சதுதானே," என்றாள்.

இன்று காலையும் கொடி இறங்கியிருந்தது. அவள் கதிரையில் ஏறி நின்று, இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். விட்டால் அவன் செத்தவன். ஏற்றினால் அடக்கமானவன். அவளுக்குக் கை கடுக்கிறது. நான் பேனாவை மூடிவிட்டேன். வாசிக்கிறவரே, கதவு திறந்துதான் இருக்கிறது. வந்து ஒரு முனையை வாங்கிக்கொள்ளுங்கள்.