ஆறு இலக்கமும் ஆறிப்போன காபியும்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆணையிட்டுச் சொல்கிறேன். வெறும் வாய்ச்சத்தியம் அல்ல. இதோ, ஏலக்காய் மணக்கும் காபியைக் கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, தொடாமல் என் முன்னால் வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் பெண் கேட்டு வருகிறவரும் சரி, வெட்டுக்குத்துக்கு மன்னிப்புக் கேட்டு வருகிறவரும் சரி, வீட்டுக்காரர் கொடுக்கும் காபியைக் குடிக்காமல் கீழே வைத்துவிடுவார். கேட்டது கிடைத்தால்தான் கிண்ணம் உதட்டுக்குப் போகும். காபியை விட்டுவிட்டு அவர் எழுந்து போனால் வீட்டுக்காரர் அப்புறம் தெருவில் தலை காட்ட முடியாது. நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: நம்புங்கள். நம்புகிற வரைக்கும் குடிக்க மாட்டேன்.

கதை பிறந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நவீன மனிதனின் தனிமை என்னை நெடுநாளாக வாட்டி வந்ததால்

(இல்லை. வாட்டவில்லை.)

ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க அரசாங்கச் சேவைத் தளத்துக்குள் நுழையப் பார்த்தேன். கடவுச்சொல் மறந்துவிட்டது. ஐந்து முறை தப்பாக அடித்தேன். "அரை மணி நேரம் கழித்து முயலவும்" என்று கதவைச் சாத்திவிட்டது. அந்த அரை மணி நேரத்தில் எழுதுவதுதான் இது. இலக்கியம் வேறு எப்படிப் பிறக்கும் என்று நினைத்தீர்கள்?

2

தொடக்கம், முதல் முயற்சி: "அதிகாலைப் பனியில் அம்மான் நகரின் மலைகள் ஒவ்வொன்றாகக் கண்விழிக்க..." நான் அதிகாலையைப் பார்த்தே இருபது வருஷமாகிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "கடவுச்சொல் என்பது ஒரு மனிதன் தன்னிடமே ஒளித்துவைக்கும்..." எதை ஒளித்துவைக்கும்? தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன், ஆழமாகத் தெரிகிறது.

மூன்றாவது: "ஹஜ் பட்டியலில் பெயர் வந்த செய்தி வந்தபோது அபூ முனிஸ் கழிப்பறையில் இருந்தார்." இதுதான் நடந்தது. ஆனால் புனித விஷயம். ஆகையால் அவரை மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுகிறேன். (உண்மையிலிருந்து நான் விலகியது இந்த இரண்டு மாடி உயரம் மட்டும்தான்.)

ஆக, செவ்வாய்க்கிழமை, எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் நாள். முப்பத்தொரு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அபூ முனிஸ், மொட்டைமாடித் தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி மணியடித்தது. ஒன்பது வருஷமாக எழுதிப்போட்டது பலித்துவிட்டது. அவர் பெயரும் மனைவி உம்மு முனிஸின் பெயரும் பட்டியலில். வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் அதே அரசாங்கத் தளத்தில் தம் கணக்குக்குள் நுழைந்து 'வருகிறோம்' என்று உறுதிசெய்ய வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு.

உம்மு முனிஸுக்கு முழங்கால் தேய்ந்துகொண்டு வருகிறது. இந்த வருஷம் விட்டால் அவரால் நடக்க முடியாது. இதை அழகாகச் சொல்ல நான்கு வாக்கியம் எழுதினேன். நான்கும் அழுதன. துரத்திவிட்டேன்.

3

லாரியைக் கண்டு பயப்படாத அபூ முனிஸ் கைப்பேசியைக் கண்டு பயப்படுவார். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. வியாழன் காலை பதினொன்றரைக்கு இன்னொரு செய்தி வந்தது: "ஹஜ் வாழ்த்துகள்! உறுதிசெய்ய இங்கே தொடவும்." அடடா, அவர்களே வழி காட்டுகிறார்களே என்று தொட்டார். அரசுச் சின்னத்தோடு ஒரு பக்கம் திறந்தது. அடையாள எண்ணைப் போட்டார். கடவுச்சொல்லைப் போட்டார். பக்கம் நன்றி சொல்லிவிட்டு வெள்ளையாகிவிட்டது.

அவருடைய கடவுச்சொல் Munis1989.

(இங்கே ஒரு குறிப்பு. மூத்த மகனின் பெயரைச் சேர்த்து இன்னாரின் தகப்பன், இன்னாரின் தாய் என்று கூப்பிடுவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. முனிஸின் தகப்பன் என்பதால் அவர் அபூ முனிஸ். அதாவது அவருடைய கடவுச்சொல்லில் பாதியைத் தெருவே கூவிக்கொண்டிருக்கிறது: காய்கறிக்காரன், முடிவெட்டுபவர், எதிர்வீட்டுக் கிளி. மீதிப் பாதி பையன் பிறந்த வருஷம். சிரிக்காதீர்கள். நானும் என் மூத்தவன் பெயரைத்தான் வைத்திருந்தேன். எந்த வருஷம் பிறந்தான் என்பதுதான் எனக்கு மறந்துவிட்டது.)

4

பத்தே நிமிஷத்தில் அழைப்பு வந்தது. அழைத்தவனுக்கு முதலில் ஒரு பெயரும் மீசையும் தழும்பும் கொடுத்திருந்தேன். தொலைபேசியில் தழும்பு எதற்கு? பறித்துக்கொண்டேன். குரல் மட்டும் போதும். தேன் மாதிரி குரல்.

"அபூ முனிஸ்! எப்படி இருக்கீங்க? வீட்ல எல்லாரும் சுகமா? நம்ம முனிஸ் எப்படி இருக்கான்?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கான். யாரு மகனே பேசுறது?"

"என்னங்க, நம்மளயே மறந்துட்டீங்களே! ஹஜ் பிரிவுலேருந்துதான். உங்க போனுக்கு இப்ப ஆறு நம்பர் வந்திருக்கும் பாருங்க. அதைச் சொல்லிட்டீங்கன்னா வேலை முடிஞ்சுது."

வந்திருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கே?"

"அது வெளியாளுக்குப் போட்டது, அபூ முனிஸ். நான் வெளியாளா?"

மகன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன் எப்படி வெளியாளாவான்? அந்தப் பெயரைப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் தாமே அவனிடம் தட்டிக் கொடுத்தது அபூ முனிஸுக்கு உறைக்கவில்லை. இருந்தாலும் தயங்கினார். அப்போதுதான் அந்தப் பாவி தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

"அபூ முனிஸ், எம் முன்னாடி காபி இருக்கு. கீழ வச்சுட்டேன். நீங்க நம்பர் சொன்னாத்தான் குடிப்பேன். ஆறிட்டு இருக்கு."

அபூ முனிஸ் எழுந்து நின்றுவிட்டார். தொலைபேசியில்தான், யாரும் பார்க்கவில்லைதான், இருந்தாலும் நின்றுவிட்டார். அவர் வீட்டு வாசலில் ஏழு தலைமுறையாக ஒரு காபியும் ஆறியதில்லை.

"நாலு," என்றார். "ஒண்ணு. ஏழு..."

5

(இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு மணி பார்த்தேன். என் பூட்டு திறக்க இன்னும் பதினோரு நிமிஷம். மூன்று இலக்கம் போய்விட்டது, மூன்று இருக்கிறது. கதாசிரியனாக நான் அவரை இருமவைக்கலாம், மின்சாரத்தை நிறுத்தலாம். நான் எதையும் செய்யவில்லை. செய்தது உம்மு முனிஸ்.)

உள்ளே சோறு அடைப்பதற்காகச் சுரைக்காயைக் குடைந்துகொண்டிருந்த கம்பியோடு அடுப்படியிலிருந்து நொண்டிக்கொண்டே வந்தார். "யாருக்கு மனுஷா நின்னுக்கிட்டு கணக்குப் பாடம் சொல்றே?"

"ஷ்ஷ்! பாவம், காபிய கீழ வச்சுட்டான்!"

"எங்க?"

"அவன் ஆபீஸ்ல."

உம்மு முனிஸ் கைப்பேசியைப் பிடுங்கினார். "மகனே, உன் முன்னாடி இருக்கிறது யாரு வீட்டுக் காபி?"

தேன் கொஞ்சம் தடுமாறியது. "ஆபீஸ் காபிங்க, உம்மு முனிஸ்."

"நாங்க ஊத்திக் குடுத்தமா?"

"இல்லைங்க..."

"அப்ப ஊத்திக் குடுத்த ஆபீஸ்கிட்டயே நம்பரக் கேளு. இல்ல, நம்ம வீட்டுக்கு வா. நானே ஊத்தித் தரேன், கொதிக்கக் கொதிக்க. எங்க ஊத்துவேன்னு மட்டும் கேக்காத."

இணைப்பு அறுந்தது.

(என் முன்னால் இருப்பதும் நானே ஊற்றிக்கொண்ட காபிதான். இதை அந்த அம்மாள் காதில் போட்டுவிடாதீர்கள்.)

6

முடிவுகள்.

ஒன்று: திருடன் மறுபடி அழைத்து அழுகிறான். படுத்த படுக்கையான தன் தாயை ஹஜ்ஜுக்கு அனுப்பத்தான் இப்படிச் செய்தானாம். அபூ முனிஸ் தம் இடத்தை விட்டுக்கொடுக்கிறார். இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பிறகு, படுத்த படுக்கையானவள் எப்படிப் போவாள் என்று தோன்றியது. கிழித்துவிட்டேன்.

இரண்டு: போலீஸ் வருகிறது. எனக்கு நம்பிக்கை இல்லை.

மூன்று, நடந்தது. உண்மையான முகவரியை விசாரித்துப் பிடிப்பதற்குள் மணி ஒன்றே முக்கால். வந்த இணைப்பைத் தொடாமல் தளத்தின் முகவரியை ஒவ்வோர் எழுத்தாகக் கணவரைக் கொண்டே அடிக்கவைத்தார் உம்மு முனிஸ். புதிதாக ஆறு எண் வந்தது. பழைய மூன்றும் செத்துப்போயின. கடவுச்சொல்லை மாற்றினார்கள். பிறகு, புதிதாக ஒரு பதில் வைக்கச் சொல்லி ரகசியக் கேள்வி வந்து நின்றது: 'உங்கள் மூத்த பிள்ளையின் பெயர் என்ன?'

"முனிஸ்," என்றார் அவர்.

"எதிர்வீட்டுக் கிளிக்கே தெரியும். மாத்து."

"ஹஜ்ஜுக்குப் போற நேரத்துல அரசாங்கத்துக்கிட்ட பொய் சொல்லச் சொல்றியா?"

"அது கேள்வி இல்ல மனுஷா, பூட்டு. பூட்டுக்கிட்ட யாராவது உண்மை பேசுவாங்களா?"

"பெத்த புள்ள பேர மாத்தச் சொல்றியே, உம்மு முனிஸ்..."

"பெத்தது நான். தள்ளு."

கைப்பேசியைத் தம் பக்கம் திருப்பி, உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் ஏதோ அடித்தார். மணி ஒன்று ஐம்பத்தெட்டு. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. இருவரும் தலையோடு தலை சேர்த்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாற்பது வருஷத்தில் அவர்கள் அவ்வளவு நெருங்கி நின்று

7

என் அரை மணி நேரம் முடிந்தது. தளம் என்னைக் கூப்பிடுகிறது, போக வேண்டும்.

வட்டம் நின்றதா, கதவு திறந்ததா என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். சொல்ல ஆரம்பித்தால் அந்த அம்மாள் என்ன அடித்தார் என்பதையும் என் வாய் உளறிவிடும். ஆறு எண்ணில் மூன்றை இந்தக் கதையிலேயே ஊரறியச் சொன்னவன் நான். முடிவை நீங்களே உங்களுக்குள் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களை அனுப்பிவைக்க வேண்டும் என்று தோன்றினால் அனுப்பிவையுங்கள். உம்மு முனிஸின் முழங்காலை மட்டும் மறந்துவிடாதீர்கள். எழுதியதை யாரிடமும் சொல்ல வேண்டாம். உங்கள் மகன் பெயரைச் சொல்லி நானே அழைத்து, சுகம் விசாரித்துவிட்டுக் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

ஆனால் நம்பிவிட்டீர்கள், இல்லையா? காபி ஆறிக்கொண்டிருக்கிறது.

டாக்டர் சொல்லி நான் காபியை விட்டுப் பதினோரு வருஷமாகிறது.